மாடு நடக்கும் வேகத்தில் ஒரு வரலாறு

கற்பனைக் கதைகளில் குதிரை மக்கள் வந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தொலைவில் புழுதி கிளம்பும். கொம்பு ஊதுவார்கள். ஆயிரம் பேர் ஈட்டியோடு மலைச்சரிவில் இறங்குவார்கள். இரவானால் தீயைச் சுற்றி இறைச்சி, குடி, சண்டை. மறுநாள் மறுபடியும் புழுதி. இவர்களில் ஒருவர் ஒரு பசுவைக் கறந்ததாக நான் படித்ததில்லை. கன்றுக்குக் கழிச்சல் என்று யாரும் இரவு கண்விழித்ததும் இல்லை. அந்த ஆயிரம் குதிரைகளும் எங்கே மேய்ந்தன, யார் தண்ணீர் காட்டினார்கள் என்று கேட்டால் கதையே நின்றுவிடும்.

எனக்கு அந்தக் கேள்விகள்தான் பிடிக்கும். ஒரு நாவலுக்காக இப்படி ஒரு மக்கள் கூட்டத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். உளையர் என்று பெயர் வைத்திருக்கிறேன். குதிரை ஏறுவார்கள், மாடு மேய்ப்பார்கள். வடக்கே ஊசியிலைக் காடு, தெற்கே வெக்கையான ஆற்றுப் பள்ளத்தாக்கு, நடுவில் மரமே இல்லாத பெரிய புல்வெளி, அங்கே குளிர்காலத்தில் பனி விழும். இவ்வளவுதான் அவர்களுடைய நாடு. நாவல் பாதிகூட ஆகவில்லை, உளையரைப் பற்றிய குறிப்புகள் மட்டும் நாவலைவிடத் தடித்துவிட்டன. அவற்றில் கொஞ்சம் இங்கே.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட மக்களின் கதையைக் குதிரையிலிருந்து தொடங்கக் கூடாது, மாட்டிலிருந்து தொடங்க வேண்டும். குதிரை எவ்வளவு பறந்தாலும் அந்த மக்கள் நகர்வது மாடு நடக்கும் வேகத்தில்தான்.

மாட்டின் வாயைப் பாருங்கள். மேல்தாடையில் முன்பற்களே கிடையாது. நாக்கை நீட்டிப் புல்லைச் சுற்றி வளைத்து, இழுத்து அறுக்கும். அதனால் புல் ஓரளவு நீளமாக இருக்க வேண்டும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு, தரையோடு ஒட்டக் கத்தரித்துவிடும். வயிறும் வேறு. மாடு அவசரமாக மேய்ந்துவிட்டுப் படுத்து, மேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவந்து நிதானமாக அசைபோடும். குதிரைக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதன் தீனி புளிப்பதெல்லாம் குடலின் பின்பகுதியில். உள்ளே போனது சீக்கிரம் வெளியே வந்துவிடும். மட்டமான காய்ந்த புல்லிலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அளவு நிறைய வேண்டும். நாளில் பாதிக்கு மேல் அது மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். பகல் முழுக்க சவாரி செய்துவிட்டு இரவில் மரத்தில் கட்டிப்போடும் கதாநாயகனின் குதிரை நான்கு நாளில் எலும்பும் தோலுமாகிவிடும்.

இதனால் கோடையில் ஒரு புது நிலத்துக்கு உளையர் வந்தால் மாடுகள்தான் முதலில் உள்ளே போகும். நீண்ட புல்லை மாடு எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைக் குதிரை கத்தரிக்கும். பனி விழுந்ததும் இந்த வரிசை தலைகீழாகிவிடும். குதிரை முன்னங்காலால் பனியைக் கிளறி அடியில் இருக்கும் புல்லை எடுக்கும். மாட்டுக்கு அது வராது. முகவாயால் தள்ளிப் பார்க்கும், பனி கெட்டிப்பட்டிருந்தால் அப்படியே நின்றுவிடும். யூரேசியப் புல்வெளி மேய்ப்பர்கள் பனிக்காலத்தில் குதிரைகளை முன்னால் விட்டு, அவை கிளறிவிட்ட இடத்தில் மாட்டையும் ஆட்டையும் மேயவிட்டார்கள். மனிதன் குதிரையைப் பழக்கியதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு.

இதைப் படித்தபோது உளையரின் சமூகமே எனக்குக் கிடைத்துவிட்டது. அவர்களில் மாட்டு வீட்டார், குதிரை வீட்டார் என்று இரண்டு கிளை. கோடையில் மாட்டு வீட்டார் முன்னால் போவார்கள், சபையில் மேற்குப் பக்கம் உட்கார்வார்கள், வழக்குகளுக்குத் தீர்ப்பும் அவர்களே. முதல் பனி விழும் நாளில் இடம் மாற்றிக்கொள்வார்கள். அன்றிலிருந்து வசந்தம் வரை குதிரை வீட்டார் சொல்லுக்குத்தான் மதிப்பு. யார் பெரியவர் என்பதை ஆண்டுக்கு இரண்டு முறை வானம் முடிவு செய்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த இரண்டு கிளைகளுக்கு நடுவில் மட்டும். ஒரு கிளைக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டால் பாதி ஆண்டு அந்த வீட்டுக்குப் பேச வாயே இருக்காது.

பனிமேல் மழை பெய்து உறைந்துபோனால் குதிரையாலும் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடிபோல் இறுகிய பனிக்கு அடியில் புல் தெரியும், எட்டாது. மங்கோலியாவில் கால்நடைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் இத்தகைய குளிர்காலத்தை ட்ஸுட் என்கிறார்கள். 2009-10 குளிர்காலத்தில் மட்டும் அங்கே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. வட அமெரிக்காவின் லகோட்டா மக்கள் ஒரு பனிக்காலத் தொடக்கத்திலிருந்து அடுத்தது வரை ஓர் ஆண்டு என்று கணக்கு வைத்து, ஆண்டுக்கு ஒரு படமாகத் தோலில் வரைந்து வந்தார்கள். உளையரும் அப்படித்தான். மன்னன் பெயரால் ஆண்டு கிடையாது. "ஓநாய் பட்டிக்குள் வந்த ஆண்டு", "கண்ணாடிப் பனி ஆண்டு" என்றுதான் பேசுவார்கள்.

என் குறிப்புகளைப் படித்த நண்பர் ஒருவர், "ராஜாவே இல்லாம எப்படிங்க வரலாறு எழுதுவீங்க?" என்று கேட்டார். "மேய்ச்சலை வெச்சுத்தாங்க" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. பார்ப்போம்.

மேய்ந்தபடியே போகும் மந்தை ஒரு நாளில் 15 முதல் 20 கிலோமீட்டர் போகும். 1867இலிருந்து டெக்சாஸ் மாடுகளைக் கான்சாசில் இருந்த அபிலீன் ரயிலடிக்கு ஓட்டிப்போன ஆட்களுடைய கணக்கும் ஏறக்குறைய இதேதான். விரட்டினால் மாடு இளைத்துவிடும், விலை போகாது. அதே சமயம் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பல குதிரைகள் இருந்தன, ஒரு நாளிலேயே மாற்றி மாற்றி ஏறினார்கள். மந்தை நடந்துதான் போகிறது. ஆனால் பிரிந்து ஓடுவதைத் திருப்பவும், முன்னால் போய்த் தண்ணீர் பார்க்கவும், பின்தங்கியதைத் தேடவும் குதிரை ஓடிக்கொண்டே இருக்கிறது. நடந்து மேய்ப்பவர் ஒருவர் நாயின் துணையோடு 200 ஆடு பார்த்துக்கொண்டால், குதிரை இருந்தால் 500 வரை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். குதிரை தந்த பெரிய மாற்றம் போர் இல்லை, இந்த 300தான். மந்தை பெருகியது, பெருகிய மந்தைக்கு அதிக நிலம் வேண்டியிருந்தது, அதிக நிலம் என்றால் பக்கத்து ஆளோடு உரசல். போர் அதற்கு அப்புறம் வந்தது.

அடுத்தது தண்ணீர். வெயில் நாளில் ஒரு மாடு 40, 50 லிட்டர் குடிக்கும், ஏறக்குறைய தினமும் குடிக்க வேண்டும். எனவே உளையர் நாட்டின் வரைபடத்தில் நான் முதலில் போட்டது நீர்நிலைகள். பிறகு ஒவ்வொன்றையும் சுற்றி அரைநாள் நடைக்கு ஒரு வட்டம். வட்டங்களுக்கு வெளியே எவ்வளவு நல்ல புல் இருந்தாலும் அது பனிக்காலத்தில் மட்டுமே பயன்படும், அப்போதுதான் பனியைத் தின்று தாகம் தீர்க்கலாம். தெற்கு எத்தியோப்பியாவின் பொரானா மக்கள் ஆழமான கிணறுகளுக்குள் ஒருவர் மேல் ஒருவராக ஏணிபோல் நின்று, பாடிக்கொண்டே வாளிகளைக் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள். பாட்டின் தாளம் தவறினால் வாளி தவறும். உளையரிடம் புல் எல்லோருக்கும் பொது, கிணறு தோண்டியவர் வம்சத்துக்குச் சொந்தம். அந்த வம்சத்தின் மூத்த பெண் கிணற்று மூதாட்டி. எந்த மந்தை எப்போது குடிக்கலாம் என்று சொல்வது அவர்தான். உளையரிடம் அரசி என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். கிரீடத்துக்குப் பதில் கையில் ஒரு தோல் வாளி இருக்கும்.

ஆடு வேண்டாம் என்று நான் எடுத்த முடிவு பல இடங்களில் இடித்தது. உண்மையான புல்வெளி மக்கள் மாட்டை மட்டும் நம்புவது அரிது. மங்கோலியர் குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என்று ஐந்தையும் வளர்ப்பவர்கள். எண்ணிக்கையில் ஆடுகளே மிகுதி. அவர்களுடைய வட்டக் கூடாரத்தின் மேல் போர்த்தும் தடித்த கம்பளி, செம்மறி மயிரை நனைத்து அழுத்திச் செய்வது. மாட்டு மயிரில் அப்படிக் கம்பளி செய்வது எளிதில்லை. ஆக, ஆடு இல்லாத உளையருக்கு அந்த அழகான வெள்ளைக் கூடாரமும் கிடையாது. தோல் கூடாரம்தான். ஒரு கூடாரத்துக்குப் பத்துப் பதினைந்து மாட்டுத் தோல் போகும். புதுமணத் தம்பதிக்கு வீடு வேண்டுமென்றால் அத்தனை மாடு செத்திருக்க வேண்டும். அதனால் உறவினர் எல்லோரும் ஆளுக்கு ஒரு தோல் தருவார்கள், ஒவ்வொரு தோலிலும் கொடுத்தவர் வீட்டுச் சூட்டுக்குறி இருக்கும். உள்ளே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் சொந்தக்காரர் பட்டியல் தெரியும். சண்டை போட்டுக்கொண்டு உறவை முறித்தவர் தன் குறியுள்ள தோலை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம், பனிக்காலத்தில் மட்டும் கூடாது.

மரமில்லாத நாட்டில் கூடாரக் கம்புகள் பொக்கிஷம். வடக்குக் காட்டுக்காரர்களோடு உளையர் சமாதானமாக இருப்பதற்கு முதல் காரணம் இந்தக் கம்பும் வண்டி அச்சும். வண்டி இழுப்பது எருது. 1253இல் மங்கோலியரிடம் பயணம் போன ரூப்ருக் ஊர்த் துறவி வில்லியம், வீட்டையே வண்டிமேல் வைத்து 22 எருதுகள், வரிசைக்கு 11 ஆக, இழுத்துப் போனதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். வண்டியின் அச்சு கப்பல் பாய்மரம்போல் இருந்ததாம். உலகத்திலேயே வேகமான குதிரைப்படை என்று நாம் நினைக்கும் மக்களின் வீடு எருதின் வேகத்தில்தான் ஊர்ந்திருக்கிறது.

இனி பால். இதில் எனக்கு அலுப்பே வராது.

கன்று முட்டாமல் பசு பால் விடாது, அந்தக் காலத்து இனங்கள் நிச்சயமாக விடாது. கன்று செத்துவிட்டால் அதன் தோலில் புல்லை அடைத்துத் தோற்கன்று செய்து பக்கத்தில் நிறுத்துவார்கள், இது உலகத்தின் பல மேய்ச்சல் மக்களிடம் உண்டு. குதிரைப் பால் இன்னும் பெரிய வேலை. மடி சின்னது, அதனால் கோடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கறக்க வேண்டும், குட்டியைப் பக்கத்திலேயே கட்டி வைத்திருக்க வேண்டும். அப்படிக் கறந்ததைத் தோல் பையில் ஊற்றி, கடந்து போகிறவர் வருகிறவர் எல்லாம் மத்தால் நாலு குத்துக் குத்திப் புளிக்க வைத்தால் லேசான போதையுள்ள பானம் கிடைக்கும். மங்கோலியர் ஐராக் என்று குடிப்பது இதுதான். வியப்பு என்னவென்றால், வளர்ந்த பிறகும் பச்சைப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் மரபணு மங்கோலியரில் மிகச் சிலருக்கே இருக்கிறது. பாலை நம்பியே வாழ்கிற மக்கள்! உடம்பு செய்யாத வேலையை அவர்களுக்குத் தோல் பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் செய்துகொடுக்கின்றன.

உளையரில் கறப்பது பெண்கள் வேலை. அதனால் ஒரு பசு எவ்வளவு கொடுக்கும், எது சினை பிடிக்காது, எந்தக் காளையின் கன்றுகள் பனியில் நிற்கும் என்பதெல்லாம் பெண்களின் அறிவு. எந்தக் காளையைப் பொலிக்கு வைத்துக்கொள்வது, எதற்குக் காயடிப்பது என்ற முடிவும் அவர்களிடம். ஆண்கள் சபையில் மணிக்கணக்காகப் பேசுவார்கள், மந்தையின் அடுத்த பத்து ஆண்டு எப்படி இருக்கும் என்பது கறவைப் பட்டியில் முடிவாகிவிடும். பசு பால் விடுவதற்குப் பாட வேண்டும், ஒவ்வொரு பசுவுக்கும் அதன் பெயர் வரும் ஒரு பாட்டு. கன்றை ஏற்காத தாய் ஒட்டகத்துக்குப் பாடி இளக வைக்கும் மங்கோலியச் சடங்கை 2015இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. டெக்சாஸ் மாடோட்டிகளும் இரவுக் காவலில் மந்தை மிரளாமல் இருக்க மெல்லப் பாடிக்கொண்டே சுற்றி வந்தார்கள். உளையரின் இலக்கியம் முழுவதும் இந்த இரண்டு வகைப் பாட்டுதான்: பகலில் பெண்கள் பசுவுக்குப் பாடுவது, இரவில் ஆண்கள் மந்தையைச் சுற்றிப் பாடுவது. போர்ப் பாட்டு பிற்காலத்தில் வருகிறது. அது இரவுப் பாட்டின் மெட்டைத் திருடி வேகப்படுத்தியது.

பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதம், குதிரைக்குப் பதினொன்று. ஒரு ஈத்துக்கு ஒன்றுதான். ஆட்டைப் போல மளமளவென்று பெருகாது. ஒரு கெட்ட பனிக்காலத்தில் மந்தையை இழந்த குடும்பம் நாலைந்து மாட்டிலிருந்து மறுபடி எழுந்து நிற்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். இதற்கு மேய்ச்சல் மக்கள் கண்டுபிடித்த வழிகள் இரண்டு. ஒன்று இரவல், இன்னொன்று திருட்டு.

இரவலைப் பற்றிக் கதைகள் எதுவும் பேசுவதில்லை. நைஜரில் உள்ள வொடாபே மக்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இளம் பசு ஒன்றை நண்பருக்குக் கொடுப்பார்கள். அவர் அதன் இரண்டு மூன்று கன்றுகளைத் தனக்கு வைத்துக்கொண்டு பசுவைத் திருப்பித் தருவார். கொடுத்தவருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். தன் மாடுகள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை என்பதே லாபம். இங்கே நோய் வந்தால் அங்கே ஒன்று பிழைத்திருக்கும், அப்போது அந்த நண்பர் திருப்பிச் செய்வார். உளையரில் யாருக்கு எத்தனை மாடு என்று கேட்பது அநாகரிகம், அதற்குச் சரியான பதிலும் கிடையாது. ஒருவர் பட்டியில் நிற்பதில் பாதி பிறருடையது, அவருடையதில் பாதி எங்கெங்கோ நிற்கும். இரவல் பசுவை மறுப்பவனுக்குத்தான் அவர்கள் மொழியில் கடுமையான வசை. தெற்கே ஆற்றோரம் உழுது வாழும் கிராமங்களிலும் உளையர் பசுக்கள் இரவலாக நிற்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

திருட்டைப் பற்றி நமக்கு நானே சொல்ல வேண்டியதில்லை. வெட்சி சூடி ஆநிரை கவர்வதும், கரந்தை சூடி மீட்பதும் இலக்கணமாகவே எழுதி வைக்கப்பட்ட மொழி நம்முடையது. 2006இல் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல் ஒன்றில், மாடு கவர்தலைக் குறிக்கும் ஆகோள் என்ற சொல் தமிழி எழுத்திலேயே இருக்கிறது. அயர்லாந்தின் பழங்கதைகளிலும் மாடு கவர்தல் ஒரு தனி வகை. உளையர் மாடு கவர்வதற்கு விதிகள் உண்டு. கறவையும் கன்றும் பிரியக் கூடாது, பிரித்தால் அது கவர்தல் இல்லை, கொலை. கிணற்றடியில் கை வைக்கக் கூடாது. கவர்ந்த மாடு கவர்ந்தவன் நிலத்தில் மூன்று இரவு தங்கிவிட்டால் மீட்க வருவது முறையில்லை. மாட்டின் வேகத்தை யோசித்தால் இந்த மூன்று இரவின் பொருள் புரியும். அள்ளிக்கொண்டு வந்தவன் 50, 60 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்க முடியாது. துரத்துகிறவனிடம் குதிரை இருக்கிறது. அதற்குள் பிடிக்க முடியாதவன் தன் மந்தையைச் சரியாகக் காக்கவில்லை என்றுதான் பொருள். விதி கடுமையாகத் தெரியும், ஆனால் பழிக்குப்பழி வளர்ந்துகொண்டே போவதை அது நிறுத்துகிறது.

சரி, காலவரிசைக்கு வருகிறேன்.

உளையர் தொடக்கத்தில் நடந்து மாடு மேய்த்தவர்கள். குதிரையை முதலில் வேட்டையாடித் தின்றார்கள், பிறகு அடைத்து வைத்துக் கறந்தார்கள், அதற்கும் பிறகுதான் ஏறினார்கள். இந்த வரிசை நிஜத்திலிருந்து எடுத்தது. வடக்கு கசக்ஸ்தானில் பொத்தாய் என்ற இடத்தில், கி.மு. 3500 வாக்கிலேயே குதிரையை வைத்துப் பிழைத்த மக்கள் இருந்தார்கள், அவர்கள் பானைகளில் குதிரைப் பாலின் கொழுப்பு கிடைத்திருக்கிறது. ஆனால் இன்று நாம் ஏறும் குதிரைகள் அந்தக் குதிரைகளின் வாரிசுகள் இல்லை என்று 2018இல் மரபணு ஆய்வு காட்டியது. இன்றைய குதிரைகளின் மூதாதைகள் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதியிலிருந்து கி.மு. 2000 வாக்கில் பரவின என்று 2021இல் தெரிந்தது. உளையரிடமும் இரண்டு குதிரைகள் உண்டு. கறக்கும் பழைய குட்டை இனம், ஏறுவதற்குக் கிழக்கிலிருந்து வந்த புது இனம். குட்டையைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள், அதன் முதுகில் சேணம் வைப்பது குற்றம்.

ஏறத் தொடங்கியவுடன் போர்க்குதிரை வந்துவிடாது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு அசீரியச் சிற்பங்களில் குதிரைவீரர்கள் ஜோடியாகப் போகிறார்கள். ஒருவர் வில் ஏந்த, மற்றவர் இரண்டு குதிரைகளின் கடிவாளத்தையும் பிடித்திருக்கிறார். குதிரைமேல் உட்கார்ந்து இரண்டு கையையும் விட அவர்களுக்கு இன்னும் பழக்கமில்லை. உளையருக்கும் அந்தக் கட்டம் உண்டு. அதன் மிச்சமாக, தேவை போன பிறகும், ஒவ்வொரு வாலிபனுக்கும் ஒரு கடிவாளத் தோழன் இருப்பான், எப்போதும் மறுகிளையைச் சேர்ந்தவன். ஒருவன் செத்தால் அவன் குழந்தைகளுக்கு மற்றவன் பொறுப்பு. அங்கவடியை, அதாவது சேணத்தில் தொங்கும் கால் வளையத்தை, நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. இரட்டை அங்கவடி சீனாவில் கி.பி. 415ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்திருக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே சித்தியர்கள் என்ற புல்வெளிக் குதிரை மக்கள் அது இல்லாமல் நன்றாகவே சண்டை போட்டார்கள்.

பிறகு நல்ல காலம். செங்கிஸ் கான் எழுந்த காலத்தில், 1211 முதல் 1225 வரை, மங்கோலியாவில் வழக்கத்துக்கு மாறாக நல்ல மழை என்று மர வளையங்கள் சொல்கின்றன. புல் மிகுந்தால் குதிரை மிகும், மீதிக் குதிரை இருந்தால்தான் தொலைதூரப் படையெடுப்பு. உளையருக்கும் அப்படி ஒரு தொடர் மழைக்காலம் கொடுத்தேன், பச்சை ஆண்டுகள் என்று பெயர். அப்போது தெற்கே இறங்கி ஆற்று ஓரம் வரை போகிறார்கள், அங்கே நின்றுவிடுகிறார்கள். நிறுத்தியது எந்தப் படையும் இல்லை, ஓர் ஈ. ஆப்பிரிக்காவில் ட்செட்சி ஈ பரப்பும் நோய் குதிரையையும் மாட்டையும் கொல்லும். மாடு மேய்க்கும் ஃபுலானி மக்கள் தலைமையில் 1804 போரிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் எழுந்த சொக்கோட்டோ அரசால்கூட, தெற்கின் ஈரக் காடுகளில் குதிரைப்படையை நம்ப முடியவில்லை. வரைபடத்தில் ஒரு பேரரசின் எல்லை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டால், பூச்சியைச் சொல்வது பல நேரம் சரியான பதில்.

ஆற்றோர மக்களோடு வணிகம் வந்தது. மேய்ப்பர்கள் தன்னிறைவோடு வாழ்வதாக ஒரு கற்பனை உண்டு, அது நிஜத்தில் எங்கேயும் இல்லை. தானியம், இரும்பு, துணி மூன்றுக்கும் உழுகிறவர்கள் வேண்டும். மிங் சீனா எல்லைச் சந்தைகளை மூடி வைத்திருந்த காலத்தில் மங்கோலியத் தாக்குதல் ஓயவில்லை, 1571இல் அல்தான் கானோடு சமாதானம் செய்து சந்தையைத் திறந்ததும் வெகுவாகக் குறைந்தது. உளையரின் பச்சை ஆண்டுகள் முடிந்தபோது பெரிய ரத்தக்களரி வராமல் காத்தது ஆற்றோரச் சந்தைதான்.

அப்புறம் கொள்ளைநோய். மாட்டு வெக்கை நோய் 1880களின் கடைசியில் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் நுழைந்து, பத்தாண்டுக்குள் தெற்கு முனை வரை போனது. பல இடங்களில் பத்தில் எட்டு ஒன்பது மாடுகளைக் கொன்றது, பின்னாலேயே பஞ்சமும் வந்தது. அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தது 2011இல்தான். உளையருக்கு அதை எழுதும்போது ஒரு விவரம் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. வெக்கை பிளவுபட்ட குளம்புள்ள விலங்குகளைத்தான் தாக்கும். குதிரைக்கு வராது.

யோசித்துப் பாருங்கள். ஒரே கோடையில் மாட்டு வீட்டாருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, குதிரை வீட்டாருக்கு எல்லாம் இருக்கிறது. முதல் பனி விழுந்தபோது சபையில் இடம் மாறியது, வசந்தம் வந்தபோது திரும்ப மாறவில்லை. மாறுவதற்கு மறுபக்கம் மந்தை இல்லை. இரவல் கொடுக்க மாடில்லை, தோல் கூடாரத்துக்குத் தோல் இல்லை, வண்டி இழுக்க எருது இல்லை. குதிரை மட்டும் இருக்கிற மக்கள் என்ன செய்வார்கள்? புழுதி கிளப்பிக்கொண்டு ஆற்றோரக் கிராமங்கள்மேல் இறங்குவார்கள். மூன்று இரவு விதியெல்லாம் போய்விடுகிறது, துரத்தி வர எதிராளியிடம் குதிரையே இல்லை. ஆற்றோர மக்களின் புலவர்கள் உளையரைப் பற்றிப் பாட ஆரம்பித்தது அப்போதுதான். அவர்கள் பார்த்தது ஈட்டியும் கொம்பும் மட்டும். நாம் படிக்கும் கற்பனைக் குதிரை மக்கள் எல்லோரும் எனக்கு இப்போது இப்படித்தான் தெரிகிறார்கள்: மாட்டை இழந்து சில ஆண்டுகளே ஆனவர்கள், எதிரி சொன்ன கதையில் மாட்டிக்கொண்டவர்கள்.

இதற்குப் பிறகு அவர்களை எங்கே கொண்டுபோவது என்பதில் நிறைய நாள் தடுமாறினேன். நிஜ வரலாறு தரும் முடிவுகளில் சில தாங்க முடியாதவை. 1930களின் தொடக்கத்தில் சோவியத் அரசு கசக்ஸ்தான் மேய்ப்பர்களிடமிருந்து கால்நடைகளைப் பறித்து, நகராமல் குடியிருக்க வைத்தபோது வந்த பஞ்சத்தில் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் செத்தார்கள். அமெரிக்கப் புல்வெளியை மூடியது 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி. இன்னொரு வழியும் உண்டு: 955இல் ஜெர்மனியின் லெக்ஃபெல்டில் நடந்த போரில் தோற்ற பிறகு அங்கேரியர்கள் படையெடுப்பை விட்டுத் தங்கள் சமவெளியில் நிலைத்தார்கள், சில நூற்றாண்டு கழித்து அதே மக்கள் வியன்னாவுக்கும் நூரம்பர்க்குக்கும் வெனிசுக்கும் மந்தை மந்தையாகச் சாம்பல் நிற மாடுகளை நடத்திக் கொண்டுபோய் விற்றார்கள்.

நான் உளையருக்குத் தேர்ந்தெடுத்தது ஒரு வழக்கு. வெக்கை வந்தபோது ஆற்றோரக் கிராமம் ஒன்று தன் மாடுகளைத் தீவில் அடைத்துக் காப்பாற்றிவிட்டது. அவற்றில் மூன்று, கொள்ளைநோய்க்கு முன் உளையர் இரவலாகக் கொடுத்த பசுக்கள். இப்போது கன்றும் கன்றின் கன்றுமாகப் பெருகி நிற்கின்றன. கொடுத்தவரின் பேத்தி வந்து கேட்கிறாள். கிராமத்தார், "உங்கள் ஆட்கள் எங்கள் களஞ்சியத்தை எரித்தார்கள், அந்தக் கணக்கு முடிந்தது" என்கிறார்கள். பேத்தியோ, எரித்தவர் குதிரை வீட்டார், பசு கொடுத்தது மாட்டு வீட்டார் என்கிறாள். வழக்கைக் கேட்கப்போவது ஒரு கிணற்று மூதாட்டி, அவருடைய கிணற்றில் குடிக்க இப்போது மந்தையே வருவதில்லை. அந்த அத்தியாயத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிராமத்தார் வாதம் நினைத்ததைவிட வலுவாக வந்துவிட்டது. பேத்தியின் வாதத்துக்கு இன்னும் ஒரு சாட்சி வேண்டும். அநேகமாக அந்த மூன்று பசுக்களில் ஒன்றின் பெயர் வரும் கறவைப் பாட்டைத்தான் சாட்சியாகக் கொண்டுவருவேன்.